பாவலர் பிரதர்ஸ் என்றொரு பெயர்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மார்க்கையன்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு கேம் விளையாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மாச்சி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “படமாய்யா?” என்றார்.

“கேம், அம்மாச்சி.”

“சண்டையவே காணோம்?”

“சண்டையெல்லாம் இருக்கு. நாலு பேரு சேந்து பாட்டுக் குழு ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசாமப் போறாங்க, திரும்பச் சேருறாங்க, பாட்டுப் போடுறாங்க. அவங்க போன்ல என்ன பதில் அனுப்பணும்னு நாம சொல்லணும். அவ்வளவுதான்.”

அம்மாச்சி ஒரு மொச்சையை உரித்து முடித்துவிட்டுச் சொன்னார். “இதுல என்னய்யா வெளாட்டு? பண்ணைப்புரத்துக்காரய்ங்க கத மாதிரில்ல இருக்கு.”

அந்த கேமின் பெயர் ‘வீ ஆர் ஓ.எஃப்.கே.’ 2022 ஆகஸ்டில் ஐந்து அத்தியாயங்களாக வெளிவந்தது. கதை லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. கேம் கம்பெனியில் வசனம் எழுதிக்கொண்டே பாடகனாகக் கனவு காணும் லூக்கா, கீபோர்டு வாசிக்கும் இட்சுமி, கம்ப்யூட்டரில் காட்சிகள் செய்யும் கார்ட்டர், ஒலிப்பதிவுப் பொறுப்பில் இருக்கும் ஜே என நாலு பேர். குதிப்பது, சுடுவது எதுவும் கிடையாது. விளையாடியவர்கள் பலர் வைத்த குறை ஒன்றுதான்: எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை மாறாது, குழு உருவாகத்தான் போகிறது, பாட்டு வரத்தான் போகிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. முடிவு தெரிந்த கதையை அந்த நாலு பேரின் மெசேஜ்களுக்குள் புகுந்து மறுபடி பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது.

அம்மாச்சி சொன்ன பண்ணைப்புரத்துக் கதையும் எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதைதான். எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த எவனுக்கும் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ரேடியோவை விற்றது, மகன் சென்னைக்குப் போனது, ‘அன்னக்கிளி’. நாங்கள் இதைச் சொல்லும்போது எப்போதும் ஒரே ஆளின் கதையாகச் சொல்கிறோம் என்பது அன்று திண்ணையில்தான் உறைத்தது. அம்மாச்சி பன்மையில் சொன்னார். பண்ணைப்புரத்துக்காரய்ங்க.

*

எங்கள் ஊரில் இருந்து மேற்கே பார்த்தால் மலை. அந்த மலையடிவாரத்தில் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது பண்ணைப்புரம். எங்கள் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல். அவர்கள் பக்கம் மானாவாரி அதிகம். கூலிக்காரர்கள் பார்வை எப்போதும் மலைமேல்தான். ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம். மலை ஏறினால் கேரளம். இன்றைக்கும் விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மேலே போகின்றன.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கோடு மாறியது, லயத்தில் இருந்த ஆட்கள் மாறவில்லை. அடுத்த வருடம் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல். 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 கிடைத்தது. ஐந்து சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி அமைத்தார். மயிரிழைப் பெரும்பான்மை. அந்த 60 பேரில் ஒருவர் தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸ். எதிர்த்து நின்றவரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்கு நடந்து அவருடைய வெற்றி செல்லாது என்று ஆனது. 1958 மே மாதம் இடைத்தேர்தல்.

ஒரு இடைத்தேர்தலுக்கு எவ்வளவு பதற்றம் இருக்க முடியுமோ அவ்வளவும் அதற்கு இருந்திருக்கும். ஆட்சி இருப்பதே இரண்டு மூன்று பேர் தயவில். ஓட்டுப் போட வேண்டியவர்கள் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளிகள். பலருக்குப் படிக்கத் தெரியாது. நோட்டீஸ் அடித்துப் பயனில்லை. மலையாளத்தில் பேசினால் மனசுக்குள் இறங்காது. அவர்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் பாட்டுதான் ஒரே வழி. அந்த வேலைக்கு மலைக்குக் கீழே இருந்து போனவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். இளையராஜாவின் மூத்த அண்ணன்.

ரோசம்மா ஜெயித்தார். இந்த வெற்றி வரதராசனின் பாட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று இ.எம்.எஸ்.ஸே பாராட்டியதாகத் தேனிப் பக்கத்துத் தோழர்கள் இன்றும் சொல்வார்கள். இப்படி வாய்வழியாக வரும் பாராட்டுகளில் கொஞ்சம் சர்க்கரை கூடியிருக்கும் என்பது தெரியும். ஆனால் பாவலரின் குழு அதற்குப் பிறகு ஊர் ஊராக மேடை ஏறியது என்பதில் சர்க்கரை எதுவும் இல்லை.

அம்மாச்சி பிறந்தது அந்த மலையில், லயத்து வீட்டில். கல்யாணமாகித்தான் மார்க்கையன்கோட்டைக்கு இறங்கினார். சின்ன வயதில் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு ஆர்மோனியப் பெட்டியோடு ஆட்கள் வந்து பாடியது நினைவிருக்கிறது என்கிறார். அது பாவலர்தானா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கொடி பிடித்துக்கொண்டு பாடியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள்.

*

பாவலர் எப்படிப் பாட்டுக் கட்டினார் என்பது முக்கியம். கட்டுரையின் மீதி எல்லாம் அதில் இருந்துதான் வருகிறது.

அப்போது மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. 1952-ல் இருந்து சில வருடங்கள் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். மலையடிவாரத்து டீக்கடையில்கூட சினிமா மெட்டு எல்லோருக்கும் மனப்பாடம். பாவலர் அந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு, உள்ளே புது வார்த்தை. கூலி, கங்காணி, விலைவாசி, காங்கிரஸ், அன்றைக்குக் காலையில் அந்த ஊரில் நடந்த விஷயம். கேட்பவன் மெட்டைக் கற்றுக்கொள்ள நேரம் செலவழிக்க வேண்டாம். நேராக வார்த்தைக்குப் போய்விடலாம். இரண்டாவது அடியில் கூட்டமே கூடப் பாடும்.

சாஃப்ட்வேர்காரன் என்பதால் எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. பாவலர் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பேரின் மண்டையில் இன்ஸ்டால் ஆகியிருந்த ஒன்றின் மேல் தன் வேலையை ஓட்டினார். விநியோகச் செலவு பூஜ்ஜியம். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தேர்தல் முடிந்ததும் வார்த்தைக்கு வேலை முடிந்துவிடும். மெட்டு சினிமாவில் இருந்து வந்தது, சினிமாவோடு தங்கிவிடும். பாவலர் போட்டது எதுவோ அதுதான் முதலில் மறையும்.

குழுவில் யார் யார்? பாட்டுக் கட்டி முன்னால் நின்று பாடுவது பாவலர். தம்பி பாஸ்கர் தபேலா. அடுத்த தம்பி ராஜையா 14 வயதில் சேர்ந்தார். குரல் உடையாத வயது என்பதால் பெண் குரலில் பாட வேண்டியதெல்லாம் அவருக்கு. குரல் உடைந்ததும் அந்த வேலை கடைக்குட்டி அமர்சிங்குக்குப் போனது. பிற்காலத்துக் கங்கை அமரன். ராஜையா ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார்.

அந்த ஆர்மோனியத்தைப் பற்றி இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூர் உக்கடத்தில் 85 ரூபாய்க்கு வாங்கியது. அண்ணனுடையது. தம்பிகள் தொட்டால் அடி விழும். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டது. கடைசியில் அது தம்பி கைக்கே வந்து, இன்றைக்கும் அவர் மெட்டுப் போடும் பெட்டி அதுதான்.

இதை நாம் ஒரு இனிமையான குட்டிக்கதையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். குழு என்ற பார்வையில் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வருமானம் கொண்டுவரும் ஒரே கருவி. ஒரு கட்டை போனால் நாளைக்குக் கச்சேரி இல்லை. அடித்த அண்ணனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கேமில் இட்சுமியும் லூக்காவும் யார் பாடுவது, யார் விட்டுக்கொடுப்பது என்று மல்லுக்கட்டும்போது பின்னால் எப்போதும் வீட்டு வாடகை என்ற ஒரு நிழல் நிற்கும். பண்ணைப்புரத்தில் அந்த நிழல் இன்னும் கறுப்பு. அது தலித் குடும்பம். ஊர்த் தெருவுக்குள் நடப்பதற்கே கணக்குப் பார்க்கும் ஊர்களில், கட்சி மேடை போட்டு, நாற்காலி போட்டு, மைக் கொடுத்து உட்காரவைக்கிற இடம் அந்தக் குழுவுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நானோ நீங்களோ முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது.

பத்து வருடம் அப்படி ஊர் சுற்றியதில் தம்பிகள் கற்றுக்கொண்ட விஷயங்களை எண்ணிப் பார்க்கிறேன். சினிமாவில் நாற்பது வயலின் வாசித்த இடத்தை ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஈடுகட்டுவது. எது மெட்டுக்கு எலும்பு, எது வெறும் அலங்காரம் என்று பிரித்தெடுப்பது. கூட்டம் எந்த இடத்தில் நெளிகிறது என்று பார்ப்பது. அமர் விஷயத்தில் கைமேல் பலன். ஏற்கெனவே இருக்கிற மெட்டுக்கு நிமிஷத்தில் வார்த்தை போடுவது. தமிழ் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில், பாட்டு பிறகு. பாவலர் மேடையில் செய்ததும் அதே வரிசைதான். கங்கை அமரன் என்ற பாடலாசிரியருக்குச் சென்னையில் எவரும் தனியாகப் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை.

*

1968-ல் ராஜாவும் பாஸ்கரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, முழுசையும் மகன்கள் கையில் கொடுத்தார். இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர் விற்ற பொருள் ரேடியோ என்பது மட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஏதோ செய்கிறது. குழுவுக்கு மெட்டு வந்துகொண்டிருந்த வாசல் அதுதானே.

சென்னையில் அவர்கள் நம்பிய ஆட்களில் ஒருவர் ஜெயகாந்தன். கட்சிப் பழக்கத்தில் பாவலருக்கு வேண்டியவர். உங்களை நம்பித்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னதும், என்னை நம்பி வர நீங்கள் யார் என்கிற தொனியில் கோபமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். இளையராஜாவே இதைப் பிற்பாடு நன்றியோடு சொல்லியிருக்கிறார். கதவு அடைக்கப்பட்ட அன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள்? கேமில் என்றால் அந்த இடத்தில் மூன்று பதில்கள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு ஆள் மட்டும் முன்னாலேயே சென்னையில் இருந்தார். அல்லிநகரத்துப் பாரதிராஜா. பண்ணைப்புரம் பக்கம் சுகாதார ஆய்வாளர் வேலையில் இருந்தபோது சகோதரர்களோடு சிநேகமானவர். நாடகம், பாட்டு, சினிமாக் கனவு எல்லாம் அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு ராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சலில் சௌத்ரிக்குக் கிதார் வாசித்தார். ராஜையாவை ‘ராஜா’ ஆக்கியவர் தன்ராஜ் மாஸ்டர். இந்த வருடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

1976. கதாசிரியர் ஆர். செல்வராஜ் அழைத்துக்கொண்டு போய்ப் பஞ்சு அருணாசலத்திடம் அறிமுகம் செய்கிறார். மேஜையில் தாளம் போட்டு ராஜா மெட்டுகளைப் பாடிக் காட்டுகிறார். பஞ்சுவுக்குப் பிடித்துவிடுகிறது. பிறகு டைட்டிலில் என்ன பெயர் போடுவது என்ற பேச்சு வருகிறது. ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று போடலாமா என்று ராஜா தரப்பில் கேட்டதாகவும், அது பழைய பாணியில் இருக்கிறது என்று தான் சொல்லிவிட்டதாகவும் பஞ்சு அருணாசலம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராஜா என்று போடலாம் என்றால் ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருக்கிறார். அப்படியானால் இளைய ராஜா.

இந்த இடத்தில் நான் கேமை நிறுத்திவைத்துவிடுகிறேன்.

முதல் வாய்ப்பு. ஆறேழு வருடம் மற்றவர்களுக்கு வாசித்த பிறகு கிடைத்த வாய்ப்பு. அந்த நேரத்தில் எவனும் தன் பெயரைத்தான் நினைப்பான். அவருடைய வாயில் வந்த பெயர் குழுவின் பெயர். அண்ணனின் பெயர். பாவலர் அப்போது உயிரோடு இல்லை. நாற்பதை ஒட்டிய வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ‘அன்னக்கிளி’யை அவர் கேட்கவில்லை.

பஞ்சு அருணாசலத்தைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சினிமாக்காரர். போஸ்டரில் எது நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ‘பாவலர் பிரதர்ஸ்’ என்பதில் உண்மையிலேயே ஒரு கிராமபோன் காலத்து வாசனை இருக்கிறது. அவர் வைத்த பெயர் சரியாக அமைந்தது என்பதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சாட்சி. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில், ஒரு பன்மை ஒருமை ஆனது. ஒலிப்பதிவின்போது முதல் பாட்டு தொடங்கும் நேரத்தில் கரண்டு போனதை எல்லாப் பேட்டியிலும் கேட்கிறார்கள். பெயரைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

*

கைவிட்ட பெயர் முழுசாகப் போய்விடவில்லை. வேறு கதவு வழியாக வந்தது. குடும்பத்தின் படக் கம்பெனிக்கு ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று பெயர். நிர்வாகம் பாஸ்கர். 1981-ல் அந்தக் கம்பெனி எடுத்த படம் ‘அலைகள் ஓய்வதில்லை’. இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா. பாட்டு எழுதியவர்களில் கங்கை அமரனும் உண்டு, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவும் உண்டு. ஒரே மாவட்டத்து ஆட்கள் இத்தனை பேர் ஒரு படத்தில். அப்போது தேனி தனி மாவட்டம்கூட இல்லை, மதுரை மாவட்டம்தான். அண்ணன் பெயர் போட்ட பலகைக்குக் கீழே ஒரு தடவையாவது அந்தப் பெரிய குழு சேர்ந்து வேலை செய்தது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1980-ல் ‘நிழல்கள்’ படத்தில் தொடங்கிய ராஜா–வைரமுத்து கூட்டு 1986-ல் முறிந்தது. பாரதிராஜா 1987-ல் ‘வேதம் புதிது’ படத்துக்கு தேவேந்திரனையும் அடுத்த வருடம் ‘கொடி பறக்குது’க்கு ஹம்சலேகாவையும் வைத்துக்கொண்டார். இடையில் சேர்ந்தார்கள், மறுபடி விலகினார்கள். இரண்டு கிழவர்களாகத் தேனியில் ஒன்றாக நின்று எடுத்த புகைப்படம் 2019-ல் வெளியானபோது எங்கள் ஊர் வாட்ஸப் குரூப் இரண்டு நாள் அதைத்தான் பேசியது. கங்கை அமரனும் அண்ணனும் பதிமூன்று வருடம் பேசாமல் இருந்து 2022 பிப்ரவரியில் சேர்ந்தார்கள். பதிமூன்று வருடம்! எங்கள் பக்கம் வரப்புத் தகராறுகூட அதற்குள் கோர்ட்டில் முடிந்துவிடும்.

இந்தச் சண்டைகளுக்கு ஈகோ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவது இணைய வழக்கம். எனக்கு அது போதவில்லை. பாவலர் உயிரோடு இருந்தவரை அந்தக் குழுவில் யார் முன்னால் நிற்பது என்ற கேள்விக்கு வயசு பதில் சொன்னது. அண்ணன் முன்னால், தம்பிகள் பின்னால். பாவலர் போனபின் திறமை பதில் சொல்ல ஆரம்பித்தது. அண்ணனிடம் அடி வாங்கிவிட்டுச் சாயங்காலம் சேர்ந்து சாப்பிடலாம். நம்மைவிடத் திறமையான தம்பியிடமோ சிநேகிதனிடமோ தோற்றுவிட்டு எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு நம் வீடுகளில் பழக்கம் கிடையாது.

கங்கை அமரன் 1989-ல் எடுத்த ‘கரகாட்டக்காரன்’ படத்தை இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்த்தேன். மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடிய படம். நாம் எல்லோரும் அதை வாழைப்பழத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் அது ஒரு ஆட்டக் குழுவின் கதை. அந்தப் பழைய காரை யோசியுங்கள். சொப்பன சுந்தரி வைத்திருந்த கார். வேட்டியும் துண்டுமாகக் குழுவே இறங்கித் தள்ளுகிறது. இரண்டு பழத்தில் ஒரு பழம் எங்கே என்ற சண்டைகூடக் குழுவுக்குள் காசுக் கணக்கு எப்படி ஓடும் என்பதுதான். பதின்ம வயதில் இருந்து மேடைக்கு மேடை போன ஒருவருக்குத்தான் இந்த விவரம் எல்லாம் இவ்வளவு சிரிப்போடு வரும் என்பது என் ஊகம். பேண்டைப் பற்றித் தமிழில் வந்த மிகச் சிறந்த படம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். நண்பர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

*

இளையராஜா சொன்ன இன்னொரு விஷயம். சின்ன வயதில் மேடையில் ஆர்மோனியம் வாசிக்கும்போது கைதட்டல் விழும். தலை கனக்கும். இன்னும் நன்றாக வாசிப்பார். இன்னும் கைதட்டல். ஒரு நாள் யோசித்துப் பார்த்தால், கைதட்டல் தன் வாசிப்புக்கு விழவில்லை, அந்த மெட்டைப் போட்ட விஸ்வநாதனுக்கு விழுகிறது என்று புரிந்தது. தனக்கு அதில் ஒன்றுமில்லை என்றதும் கனம் இறங்கிவிட்டது என்பார்.

பணிவுக்கு உதாரணமாக இதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இதில் 2017 தெரிகிறது. தன் பாட்டுகளை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அவர் தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போன வருடம். அன்று எனக்கும் கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் பாவலர் மேடையில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் கணக்கை அப்படியே நீட்டினால் எங்கே போய் நிற்கும்? கைதட்டல் வாசிப்பவனுக்கு இல்லை, பாடுபவனுக்கு இல்லை, மெட்டுக்காரனுக்கு. பதினைந்து பதினாறு வயதில் தனக்கு எதிராக எழுதிய அதே தீர்ப்பைத்தான் எழுபது வயதுக்கு மேல் தனக்குச் சாதகமாக எழுதினார். முரண்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். கைதட்டியவர்களில் எத்தனை பேர் வார்த்தைக்காகத் தட்டினார்கள்? மலை லயத்தில், கூலியைப் பற்றி ஒரு அடி காதில் விழுந்து, அட என்று நிமிர்ந்தவன் தட்டியது எந்த விஸ்வநாதனுக்கும் இல்லையே. அது பாவலருக்கு. மெட்டா பாட்டா எது பெரிது என்று 2024-ல் வைரமுத்து ஒரு மேடையில் பேசப்போய், கங்கை அமரன் கொதித்து வீடியோ போட்டார். பாட்டு எழுதுகிற அமரன் மெட்டின் பக்கம் நின்றார். இன்னொருவருடைய மெட்டை வாங்கி வார்த்தையால் வாழ்ந்த அண்ணன் அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

*

நான் ஏன் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், என் கையிலும் ஒரு டைட்டில் பிரச்சினை இருக்கிறது.

இன்ஜினியரிங் முடித்த கையோடு நானும் என் ஹாஸ்டல் சிநேகிதனும் ஒரு சின்ன மொபைல் கேம் செய்தோம். வாய்க்காலில் காகிதக் கப்பல் விடுகிற கேம். கோடு நான் எழுதினேன். கதை, படம், கப்பல் எங்கே திரும்ப வேண்டும் என்பது எல்லாம் அவன். வெளியிடும்போது டெவலப்பர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் போட முடியும் என்று நானே முடிவு செய்து என் பெயரைப் போட்டேன். உள்ளே ‘நன்றி’ என்ற பக்கத்தில் அவன் பெயர், என் அம்மா அப்பா பெயருக்குக் கீழே. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெசேஜ்களுக்குப் பதில் வருவது மெல்லக் குறைந்து நின்றுபோனது. ஆறு வருடம் ஆகிறது. இரண்டு பெயர் போட்டிருக்க முடியும், எனக்குத் தெரியும். பத்து நிமிஷ வேலை.

கேமில் ஜேயும் இட்சுமியும் பேசாமல் இருக்கும் அத்தியாயத்தில் திரையில் காலியான மெசேஜ் பெட்டி துடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பியதும் பழைய லேப்டாப்பைத் தேடி எடுத்து, பழைய கோடைத் திறந்து, பெயரை மாற்றி அப்டேட் போட்டேன். அந்த கேமை இப்போது போனில் வைத்திருப்பவர்கள் ஐம்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். அவன் அதில் ஒருவனா என்று தெரியாது.

ஊரில் இருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அம்மாச்சியிடம், லயத்தில் கேட்ட அந்தப் பாட்டைப் பாடச் சொன்னேன். வெட்கப்பட்டார். “அதெல்லாம் போச்சுய்யா.” விடாமல் கேட்டதும் வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் முனகினார். நடுவில் ஓரிடத்தில் தடுமாறி, திரும்பப் பிடித்து, ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட. நான் போனை நீட்டினேன். முனகினால் பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி இப்போது எல்லா போனிலும் இருக்கிறதே. சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒன்றைக் காட்டியது. ஐம்பதுகளில் வந்த ஒரு படம். படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாடியவர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர். அமுக்கினால் பாடவும் செய்தது.

அம்மாச்சி காதைக் கிட்டக் கொண்டுவந்து பல்லவி முடியும் வரை கேட்டார்.

“மெட்டு இதேதான்,” என்றார். “ஆனா பாட்டு இதில்ல.”